மேம்பாலத்தை ஒட்டி ஒரு தூக்கம்

தாக் மல்சுன் முப்பத்தோரு வருடம் மேம்பாலத்தை ஒட்டித் தூங்கினாள். தென்கொரியாவின் பூசான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரிகள் ஏறி ஊரைத் தாண்டிப் போகிற பாலம் அது. அவள் வீடு மூன்றாம் மாடியில். பாலமும் அங்கே மூன்று மாடி உயரம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஒன்பது மீட்டர் தூரத்தில் லாரிச் சக்கரம் தெரியும். அதனால் அவள் அந்த ஜன்னலைத் திறப்பதே இல்லை.

உறவுக்காரர்கள் யாராவது வந்து ஓர் இரவு தங்கினால் காலையில் கண் சிவந்து எழுந்து உட்காருவார்கள். “எப்படித்தான் இங்க தூங்கறே?” என்பார்கள். மல்சுன் சிரிப்பாள். “படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரிதான். லாரி ஓடுதா இல்லையான்னுகூடத் தெரியாது.” அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

பெண்கள் குளியல் விடுதியில் முதுகு தேய்ப்பது அவள் வேலை. காலை ஐந்தரைக்குப் போனால் மதியம் இரண்டு மணி வரை ஈரத்திலேயே நிற்பாள். வெந்நீரில் ஊறி எழுந்து வருகிறவர்களை மேடையில் குப்புறப் படுக்கவைத்து, சொரசொரப்பான கையுறையால் கழுத்திலிருந்து குதிகால் வரை அழுக்கை உருட்டி எடுப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பேட்டையில் அவள் கை படாத முதுகு இல்லை. முதுகில் உள்ளங்கையை வைத்தாலே அடியில் துடிப்பது அவளுக்குத் தெரியும். “என்ன, மருமககூடச் சண்டையா? குதிரை மாதிரி ஓடுதே” என்று கேட்பாள். படுத்திருப்பவள் அப்போதுதான் மூச்சை விட்டுக் கதையை ஆரம்பிப்பாள்.

அவளுடைய துடிப்பை மட்டும் அவள் கவனித்ததில்லை. ஐம்பது வயதில் ரத்த அழுத்தம் வந்தது. ஒரு மாத்திரை கொடுத்தார்கள், பிறகு இரண்டானது. வயதானால் வருவதுதானே என்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் மா தொக்சு துறைமுகத்தில் கிரேன்களுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தார். பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், ஒரு காலுறையை மாட்டிக்கொண்டு மற்றதைக் கையில் பிடித்தபடி அப்படியே சுவரில் சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்தோரு வயது. சாவு வீட்டில் மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “கொழம்புல உப்பைக் கொட்டிக் கொட்டியே என் புள்ளைய அனுப்பிட்டா.” அன்றிலிருந்து அவள் வீட்டுச் சோயாக் குழம்பில் உப்பு இல்லை. மகன் இன்சொக்குக்கு அப்போது பதினைந்து வயது. முகத்தைச் சுளிக்காமல் அதைச் சாப்பிட்டு வளர்ந்தான்.

அது நடந்து பதினான்கு வருடம் கழித்து, மார்ச் மாதத்தில் குளியல் விடுதியின் பாய்லர் கெட்டுப்போனது. அதே வாரம் பியோ செரின் என்ற இளம் டாக்டர் விடுதிக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்ட வந்தாள். பாலத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் இதயத்தைப் பரிசோதிக்கிறார்களாம். மூன்று நாள் நெஞ்சில் ஒரு சின்னக் கருவியை ஒட்டிக்கொள்ள வேண்டும், கையில் பிரஷர் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். படுக்கையறையில் சத்தத்தை அளக்க ஒரு பெட்டி வைப்பார்கள். ஒத்துழைப்பவர்களுக்குப் பத்துக் கிலோ அரிசி.

“ஒண்ணே ஒண்ணும்மா, அதுல தண்ணி படக் கூடாது” என்றாள் டாக்டர்.

“என்னைப் பாத்துத் தண்ணி படக் கூடாதுங்கறீங்களே” என்றாள் மல்சுன். “எனக்குச் சோறே தண்ணியிலதான்.”

விடுதிக்காரி போங்ஜா வெறுந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “எந்தத் தண்ணி? பாய்லர் செத்துக் கெடக்கு. நாலு நாளைக்கு உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. பேசாம ஒட்டிக்கிட்டு அரிசிய வாங்கிப் போடுடீ.”

“வாங்கிக்கறேன் அக்கா. ஆனா டாக்டரம்மா, இப்பவே சொல்லிடறேன். எனக்கு அந்தச் சத்தம் பழகி முப்பது வருஷமாச்சு. என்கிட்ட உங்களுக்கு ஒண்ணும் சிக்காது.”

“பழகிப் போச்சுன்னு சொல்றவங்களைத்தாம்மா நான் தேடறேன்” என்றாள் டாக்டர் பியோ.

மூன்று நாளும் மல்சுன் நன்றாகத் தூங்கினாள். பிரஷர் பட்டை இறுகியபோது ஒரு தரம் முழித்ததாக ஞாபகம், அவ்வளவுதான். நாலாம் நாள் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சுகாதார நிலையத்து மாடியறையில் மேஜை நீளத்துக்கு ஒரு காகிதம் விரித்திருந்தது. அதில் இரண்டு கோடுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. டாக்டர் பியோ பார்லி டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மேல இருக்கறது உங்க அறையில கேட்ட சத்தம். ஒவ்வொரு முள்ளும் ஒரு வண்டி. கீழ இருக்கறது உங்க இதயம். இது நீங்க தூங்கின ராத்திரி.”

மல்சுன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். மேல் கோட்டில் ஒரு முள். அதன் நேர் கீழே, இமைக்கிற நேரம் தள்ளி, இதயத்தின் கோட்டில் ஒரு மேடு. மேலே இன்னொரு முள், கீழே இன்னொரு மேடு. விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். முள், மேடு. முள், மேடு. மேஜை முடிகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

“இது நானா?”

“நீங்கதான்.”

“நான் தூங்கிட்டிருந்தேனே.”

“ஆமா, நல்லாத்தான் தூங்கியிருக்கீங்க. ஒரு தடவைதான் முழிச்சிருக்கீங்க. ஆனா இங்க பாருங்க, அறுபத்தொண்ணுல அடிச்சிட்டிருக்கு. லாரி வருது. எழுபத்தாறுக்குப் போகுது. அது இறங்கறதுக்குள்ள அடுத்த லாரி. அந்த ஒரு ராத்திரில இருநூத்துப் பதினாலு தடவை.”

மல்சுன் விரலை மறுபடி முதல் முள்ளில் வைத்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“எல்லாருக்கும் ராத்திரில பிரஷர் கொஞ்சம் இறங்கணும்மா” என்றாள் டாக்டர். “அதுதான் ரத்தக் குழாய்க்கு ஓய்வு. உங்களுக்கு அது இறங்கவே இல்ல. கண்ணுக்கு இமை இருக்கு, மூடிக்கலாம். காதுக்கு இமை கிடையாது. நீங்க தூங்கினாலும் அது கேட்டுட்டேதான் இருக்கும். கேட்டதை உள்ள சொல்லும். உடனே உடம்பு, ஏதோ ஆபத்து வருதுன்னு எழுந்து நின்னுடுது. உங்களை எழுப்பறது இல்ல. அதுபாட்டுக்கு எழுந்து நிக்குது.”

“எனக்குச் சொல்லாமலா?”

“சொல்லாமத்தான்.”

மல்சுன் தன்னையறியாமல் இடது மார்பில் கையை வைத்துக்கொண்டாள். எத்தனையோ பேர் முதுகில் வைத்த கை. உள்ளே அது சாதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. இருநூற்றுப் பதினாலை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி, அதை முப்பத்தொன்றால் பெருக்கப் பார்த்தாள். மனக்கணக்கில் அடங்கவில்லை. டாக்டர் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். இருபத்துநாலு லட்சம்.

“ஆரம்பத்துல இவ்வளவு லாரி இருந்திருக்காது” என்றாள் டாக்டர். “பாதின்னு வெச்சுக்கோங்க.”

“பாதின்னாலும் பன்னண்டு லட்சம். நான் குறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்திருக்கேன். இது பன்னண்டு லட்சம் தடவை எழுந்து நின்னிருக்கு.” அவள் குரல் கோயிலுக்குள் பேசுகிறவள் குரல் போல் தணிந்திருந்தது. “நான் யாருக்காகவும் இப்படி நின்னதில்ல டாக்டரம்மா.”

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. இன்சொக்கும் கண்டெய்னர் லாரிதான் ஓட்டுகிறான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனி அறை எடுத்து இருக்கிறான். வாரத்தில் நான்கு இரவு, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், அந்தப் பாலத்தில்தான் போவான். காலையில் போன் போட்டு, “நேத்தும் உன் ஜன்னலைப் பாத்தேம்மா” என்பான்.

“மூணே முக்காலுக்கு முன்ன எங்க இருக்கு, காட்டுங்க.”

டாக்டர் காட்டினாள். மூன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு முள் இருந்தது. அதற்குக் கீழே உயரமான மேடு. மல்சுன் முகம் மலர்ந்தது. “என் புள்ள வந்தது இதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க.”

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். பிறகு விரலைப் பக்கத்தில் நகர்த்தினாள். மூன்று ஐம்பத்தொன்றில் வேறு ஏதோ லாரி. மேடு அதே உயரம். நான்கு மணிக்கு இன்னொன்று. அதுவும் அதே உயரம்.

“அதுக்கு ஆள் தெரியாதும்மா.”

மல்சுன் அந்த மூன்று மேடுகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போதுதான், கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கேட்டாள். “என் வீட்டுக்காரர் அதே அறையிலதான் பதினேழு வருஷம் படுத்திருந்தாரு. ஐம்பத்தோரு வயசுல நெஞ்சு நின்னுபோச்சு. எங்க மாமியா நான் போட்ட உப்புன்னு சொல்லிச்சு. நீங்க என்ன சொல்றீங்க?”

“ஒரு மனுஷருக்கு எதனால ஆச்சுன்னு யாராலயும் திட்டமா சொல்ல முடியாதும்மா. உப்பும் இருக்கலாம், சிகரெட் இருந்தா அதுவும் இருக்கலாம், பரம்பரையும் இருக்கலாம். பாரம் பல பக்கத்துலேருந்து ஏறும். பாலத்தை ஒட்டிக் குடியிருக்கறவங்களுக்கு அதுல இதுவும் ஒரு மூட்டை. எத்தனை கிலோன்னு நான் சொன்னா பொய்யாயிடும்.”

மல்சுன் தலையாட்டினாள். அந்தப் பெண் பொய் சொல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தபோது அரைக் கரண்டி உப்புப் போட்டாள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு. சாப்பிடும்போது அழுகை வந்தது, ஆனாலும் சாப்பிட்டாள்.

பாய்லர் சரியானதும் மேடையில் யார் படுத்தாலும் இந்தக் கதைதான். “நீ தூங்கற, அது தூங்கறதில்ல. நான் கண்ணால பாத்தேன்” என்று தேய்த்துக்கொண்டே சொல்வாள். சிலர் சிரித்தார்கள். சிலர் குப்புறப் படுத்தபடியே மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். “இவ கையுறையைப் போட்டுக்கிட்டு நெஞ்சுவலி டாக்டர் ஆயிட்டா” என்று போங்ஜா கேலி பண்ணினாள். ஆனால் தன் நெஞ்சையும் அளக்கச் சொல்லிப் பெயர் கொடுத்த முதல் ஆளும், மல்சுனின் கட்டடத்திலேயே குடியிருந்த அவள்தான். மொத்தக் கட்டடத்திலும் ஒரே இரவில் பத்து இருபது பேருக்கு அளக்க முடிந்தால் பெரிய காரியம் என்று டாக்டர் பியோ சொல்லியிருந்தாள். மல்சுன் படிப்படியாக ஏறிக் கதவு கதவாகத் தட்டினாள்.

நான்காம் மாடியில் நாம்குங் பெரியவர் தனியாக இருந்தார். கப்பல் கட்டும் இடத்தில் நாற்பது வருடம் தகடு அடித்து இரண்டு காதும் போனவர். எழுபத்தொன்பது வயது. பகலில் காதில் கருவி மாட்டிக்கொள்வார், படுக்கும்போது கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார்.

“எனக்கு எதுக்கு இன்சொக் அம்மா? நான் கட்டை மாதிரி தூங்கறேன்.”

“நானும் அப்படித்தான் சொன்னேன் பெரியவரே.”

“அரிசி தருவாங்களா?”

“தருவாங்க.”

“மூட்டையைத் தூக்கிட்டு வந்து யாரு போடறது?”

“நான்தான் போடணும், வேற யாரு?”

“அப்ப சரி” என்று சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். “நில்லுங்க, இன்னிக்கு இல்ல” என்று அவள் தடுத்தாள்.

இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். ஏப்ரலில் மூன்று இரவுகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கருவி ஒட்டினார்கள். இந்தத் தடவை இரவுக்கு மட்டும்தான், காலையில் கழற்றிவிடலாம் என்பதால் மல்சுன் வேலைக்கும் போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்சொக் அம்மாவைச் சாப்பிடக் கூட்டிப் போனான். பன்றி எலும்புச் சாறு கொதிக்கிற கடை. சோற்றைச் சாற்றில் கவிழ்த்துக் கலக்கிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கரண்டி பாதி வழியில் நின்றது.

“அம்மா, ராத்திரிக்கு அந்தப் பாலத்துல எரநூறு லாரி போகுது. கடலோர ரோட்டுல போனா இருபது நிமிஷம் கூட ஆகும். எங்க மேஸ்திரி சும்மா விடுவாரா? நான் ஒருத்தன் மாறிப் போய் என்ன ஆகப்போகுது?”

“உன்னை யாருடா மாறச் சொன்னா? பாத்ததைச் சொன்னேன்.”

கொஞ்ச நேரம் சாப்பிட்டான். பிறகு பாத்திரத்தைப் பார்த்தபடி கேட்டான். “நான் போறதும் அதுல தெரியுதா?”

“உன் லாரி புதுசுடா. சத்தமே இல்லையாம். டாக்டரம்மாவே சொன்னாங்க” என்றாள் மல்சுன். தன் பாத்திரத்திலிருந்த கறித்துண்டை எடுத்து அவன் சோற்றில் வைத்தாள்.

மே மாதம் பாலத்தில் வேலை வந்தது. பாலத்தின் துண்டுகள் சேருகிற இடங்களில் இரும்புப் பட்டைகள் தேய்ந்து எழும்பியிருந்தன. லாரி ஏறும்போது ‘தடக்’ என்று இடிப்பது அதுதான். பட்டை மாற்ற நான்கு நாள் பாலத்தை அடைத்தார்கள். எல்லா லாரியும் கடலோர ரோட்டில் போனது. டாக்டர் பியோ ஓடி வந்து இருபத்திரண்டு பேருக்கும் மறுபடி கருவிகளை ஒட்டினாள்.

பகலில் வேலைக்காரர்களின் இயந்திரம் ஓடியது. மாலை ஆறு மணிக்கு அவர்கள் நிறுத்திவிட்டுப் போனதும் அந்தப் பேட்டை இதற்கு முன் அறியாத ஒன்று இறங்கியது. மல்சுன் சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் படுகிற ஓசை வேறு யாரோ நறுக்குவது போலக் கேட்டது. கத்தியைக் கீழே வைத்தாள். மாடியில் நாம்குங் பெரியவர் செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பது கேட்டது. அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அந்த வீட்டுப் பெண் தனக்குத் தானே பாடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவள், அவளுக்குப் பாட வரும் என்றே மல்சுனுக்குத் தெரியாது.

முதல் இரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏதோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுத்தது மாதிரி இருந்தது. இரண்டாம் இரவு தூங்கினாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் தானாக விழிப்பு வந்தது. எழுந்துபோய் அந்த ஜன்னலை முதன்முறையாக முழுக்கத் திறந்தாள். வெறிச்சென்று கிடந்த பாலத்தில் நாலைந்து கடற்காக்கைகள் நடந்துகொண்டிருந்தன, நடுரோட்டில், யாருக்கும் வழிவிடாமல். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் ஊதியது. அந்த ஒலி மெல்ல வந்து, அறைக்குள் நுழைந்து, சுவரில் பட்டு அடங்கியது. மல்சுனுக்கு உடம்பு சிலிர்த்தது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அவள் காதுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொள்ள மனமில்லாமல் வேலைக்கு நேரமாகும் வரை அங்கேயே நின்றாள். கீழ் வீட்டு ஜன்னலில் யாரோ. எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் இரண்டு மூன்று பேர். எல்லோரும் அந்தக் கடற்காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் மாதம், இரவு லாரிகளைக் கடலோர ரோட்டுக்கே திருப்பலாமா என்று பேசப் பள்ளிக்கூட அரங்கில் கூட்டம் வைத்தார்கள். சாலைப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். லாரி ஓட்டுநர்கள் பதினைந்து பேர் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இன்சொக்கும் ஒருவன்.

முந்தின நாள் மாலை மல்சுனும் போங்ஜாவும் டாக்டர் பியோவும் சேர்ந்து சுவரில் காகிதங்களை ஒட்டியிருந்தார்கள். இருபத்திரண்டு பேருக்கும் ஏப்ரலில் அளந்த ஒரே இரவு, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நேரம் நேருக்கு நேர் வரும்படி. உச்சியில் சத்தத்தின் கோடு. பாலம் அடைத்திருந்த மே மாத இரவுகளில் மேடு அநேகமாக இல்லை என்று டாக்டர் பியோ ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஒட்டி முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள். தனித்தனிக் காகிதத்தில் தெரியாதது இப்போது தெரிந்தது. மேலே ஒரு முள் இருந்தால், அதன் நேர் கீழே இருபத்தொரு மேடுகள் சுவரின் அடி வரை வரிசையாக இறங்கின. தனித்தனிப் பூட்டு, தனித்தனிப் படுக்கை, ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட அதில் உண்டு. ஆனால் ஒரு லாரி கடக்கிற அந்தப் பத்து விநாடியில் அத்தனை பேர் நெஞ்சும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக இறங்கியிருந்தது. போங்ஜா தன் பெயர் எழுதிய கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, “பாவம்டீ இது” என்று மட்டும் சொன்னாள்.

நடுவில் ஒரே ஒரு கோடு அலையில்லாத குளம் மாதிரி கிடந்தது. அது நாம்குங் பெரியவருடையது.

அதிகாரி முதலில் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டே போனார். சுவரை ஒட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். திரும்பி நடந்தார். “இந்த ஒண்ணு மட்டும் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“எனக்குக் காது கேக்காது” என்று பெரியவர் நாற்காலியிலிருந்து உரக்கச் சொன்னார். “எழுபத்தொம்பது வயசு. இந்தக் கட்டடத்துலயே நல்ல நெஞ்சு என்னுதுதான்னு டாக்டர் பொண்ணு சொல்லிச்சு.”

அரங்கம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், ஆனால் கண் சுவரைவிட்டு அகலவில்லை. “பெரியவருக்கு எங்க பாலத்தால ஒரு கெடுதலும் இல்ல” என்று சொல்ல ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மூத்த ஓட்டுநர் எழுந்தார். “நாங்களும் வயித்துக்குத்தான் ஓட்டறோம். கடலோர ரோட்டுல போகச் சொன்னா டிரிப்புக்கு இருபது நிமிஷம் போகுது. ரெண்டு நாள் தூக்கம் போனா யாரும் செத்துட மாட்டாங்க.”

அதற்குள் இன்சொக் எழுந்து சுவருக்கு வந்திருந்தான். எல்லோரும் அவன் பேச வந்ததாக நினைத்தார்கள். அவனோ மேலே எழுதியிருந்த நேரங்களை விரலால் தடவிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நின்றான். கைப்பேசியை எடுத்து அந்தத் தேதியின் டிரிப் பதிவைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். மூன்று முப்பத்தாறு. அந்த இரவிலேயே உயரமான முட்களில் ஒன்று அது. அங்கிருந்து விரலைக் கீழே இறக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழாவது கோட்டில் ‘தாக் மல்சுன்’ என்று எழுதியிருந்தது. மேடு இருந்தது. அவன் நிறுத்தாமல் கடைசி வரை எண்ணினான்.

பிறகு திரும்பி நின்று, “இந்த லாரி நான்” என்றான்.

அதிகாரி அந்த முள்ளைக் கிட்டே வந்து பார்த்தார்.

“மூணு முப்பத்தாறு. நாப்பதடி கண்டெய்னர். அந்த நேரத்துக்கு நான் என் அம்மா ஜன்னலைப் பாத்துக்கிட்டே போவேன். விளக்கு அணைஞ்சிருக்கும். நல்லாத் தூங்குதுன்னு நெனச்சுக்குவேன்.” அவன் குரல் உடையவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. “நான் ஒருத்தன் போனதுக்கு இருபத்தொரு பேர் நெஞ்சு எழுந்திருக்கு. அண்ணே, ரெண்டு நாள் இல்ல. எங்கம்மா முப்பத்தோரு வருஷமா இங்க இருக்கு. இருபது நிமிஷம்தானே. என் இருபது நிமிஷத்தை எடுத்துக்கங்க.”

மூத்த ஓட்டுநர் எதுவோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையைத் தொட, உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தபோது இன்சொக் அம்மாவிடம் வந்தான். “லாரி புதுசு, சத்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாங்களா?”

“சொன்னா மாதிரிதான் ஞாபகம்” என்றாள் மல்சுன், காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே.

“பொய் சொல்லத் தெரியல உனக்கு.”

“அன்னிக்கு நம்பித்தானேடா சாப்பிட்டே.”

முடிவு உடனே வரவில்லை. இரண்டு கூட்டம், ஒரு சோதனை ஓட்டம், நிறையக் கடிதங்கள். நவம்பரில் உத்தரவு வந்தது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கண்டெய்னர் லாரிகள் கடலோர ரோட்டில்தான் போக வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் கிடங்குகள்தான், வீடுகள் இல்லை. பாலத்தில் சின்ன வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறவர்களை யாரும் திருத்த முடியவில்லை. அடுத்த வசந்தத்தில் டாக்டர் பியோ மறுபடி அளந்தபோது மல்சுனின் இருநூற்றுப் பதினாலு மேடுகள் நாற்பத்தெட்டாகக் குறைந்திருந்தன. இரவில் பிரஷர் இறங்கியிருந்தது. இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டர்கள் பாதியாக்கினார்கள். “முப்பது வருஷத்து வேலை ஒரு வருஷத்துல போகாதும்மா” என்று டாக்டர் பியோ சொன்னாள். “ஆனா பாருங்க, எப்படிக் கிடக்குதுன்னு.” விடியற்காலை இரண்டிலிருந்து நான்கு வரை அந்தக் கோடு ஐம்பத்தாறில் நீளமாக, மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டு போனது. மல்சுன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்.

அந்த முறை இன்னொரு காரியமும் நடந்தது. இன்சொக் தானாகவே வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். “எனக்கும் ஒட்டுங்க டாக்டர். நான் அந்தச் சத்தத்துக்கு உள்ளேயேதான் உக்காந்திருக்கேன்.” அவனோடு இன்னும் எட்டு ஓட்டுநர்கள் வந்தார்கள். அரங்கில் எழுந்து பேசிய மூத்தவரும் அதில் இருந்தார். முடிவு வந்தபோது இன்சொக்கின் பிரஷர் நூற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது. வயது முப்பது. ஒரு தலைவலிகூட வந்ததில்லை அவனுக்கு. அப்பா எப்படிப் போனார் என்று கேட்டுக் குறித்துக்கொண்ட டாக்டர் பியோ, பேனாவை மூடிவிட்டு, “நல்ல வேளை, இப்பவே வந்தீங்க” என்றாள்.

அவன் பகல் ஷிப்டுக்கு மாறி அம்மா வீட்டுக்கே குடிவந்தான். காலையில் சோறும் குழம்பும் வைத்துவிட்டு, மல்சுன் ஒரு மாத்திரையை எடுத்து அவன் கரண்டிக்குப் பக்கத்தில் வைப்பாள்.

“நானே போட்டுக்குவேம்மா. சின்னப் புள்ளையா நான்?”

“போட்டுக்கோ. நான் பாத்துட்டுப் போறேன்.”

“பஸ் போயிடும் உனக்கு.”

“போனா அடுத்த பஸ்ல போறேன். முழுங்கு.”

அவன் விழுங்கித் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்தும் காட்டிய பிறகுதான் அவள் செருப்பை மாட்டினாள்.